சாரணர் இயக்கமும் பெற்றோரும்

சாரணர் இயக்கம் என்றவுடன் நம் மனக்கண் முன் ஒரு காட்சி தோன்றுகிறது. காக்கி உடை உடுத்துக் கழுத்துக்குட்டை அணிந்த சிறுவர்கள் வரிசையாக நிற்கின்றனர். அவர்கள் எதிரே சாரண ஆசிரியர் நிற்கிறார். நடுவே கொடி பறக்கிறது. இந்தக் காட்சியில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. பிள்ளையை வாயில்வரை அனுப்பிவைத்ததோடு அவர்கள் கடமை முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். பாசறைக்கு அரிசியும் பருப்பும் சேர்த்தவர் யார், வரவு செலவுக் கணக்கை எழுதியவர் யார், ஆசிரியர் மாற்றலாகிச் சென்ற பிறகு படையைக் கலையாமல் காத்தவர் யார் என்று கேட்போர் சிலரே.

நேயர்களே, இன்று அந்தச் சிலருள் ஒருவனாக நின்று பேச விரும்புகிறேன். சிறுவர்க்கான ஒரு சங்கம் ஒரே நல்ல மனிதரின் தோளில் நிற்கலாமா, அல்லது பெற்றோர் பலரின் கைகள் அதைத் தாங்க வேண்டுமா? ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சாரண வரலாறு இதற்குத் தெளிவான விடை கூறுகிறது. அந்த விடையை அறிய உலகம் கொடுத்த விலையும் சிறிதன்று.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்தை அடுத்துள்ள பிரவுன்சி என்னும் தீவில் பேடன் பவல் முதற் பாசறையை அமைத்தார். ஏறத்தாழ 20 சிறுவர்கள் வந்தனர். அவர்களுட் சிலர் ஈட்டன், ஹாரோ போன்ற செல்வர் பள்ளிகளில் பயின்றவர்கள்; மற்றவர்கள் ‘பாய்ஸ் பிரிகேட்’ என்னும் சங்கத்தைச் சேர்ந்த எளிய குடும்பத்துப் பிள்ளைகள். ஓநாய், காளை, காக்கை, கர்லூ என்னும் நீர்ப்பறவை ஆகியவற்றின் பெயர்களைக் கொண்ட நான்கு அணிகளாக அவர்களைப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். சிறுவரைச் சிறுவரே நடத்தும் இந்த அணி முறை இயக்கத்தின் உயிர்நாடியாக விளங்குகிறது.

அந்தப் பாசறையின் கணக்கைப் பாருங்கள். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் ஒரு பவுன். ஏழைப் பிள்ளைக்கு மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ் மட்டுமே. அக்காலத்தில் ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங். இயன்றவர் மிகுதியாகவும் இயலாதவர் குறைவாகவும் கொடுத்தனர். அப்படியும் முடிவில் ஏறத்தாழ 24 பவுன் துண்டு விழுந்தது. அதை ஈடு செய்தவர் சாக்சன் நோபிள் என்பவர். அவருடைய மைந்தர் இருவர் அந்தப் பாசறையில் இருந்தனர். படைத்தலைவரின் புகழைப் பாடும் வரலாறு, கடனைத் தீர்த்த இந்தத் தந்தையை ஓர் ஓரத்தில்தான் குறிக்கிறது. ஆயினும் சாரணர் இயக்கத்திற்கு உதவிய முதற் பெற்றோருள் ஒருவராக அவரைக் கருதுவதில் தவறில்லை.

மறு ஆண்டு, 1908-இல், ‘சிறுவர்க்கான சாரணியம்’ என்ற பொருள்படும் பேடன் பவலின் நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. சிறுவர்கள் அதை வாங்கிப் படித்துத் தாமே அணிகளாகக் கூடினர். பிறகு தங்களை நடத்தப் பெரியவர் ஒருவரைத் தேடினர். 1909-இல் லண்டன் படிக மாளிகையில் பேரணி நடந்தபோது ஏறத்தாழ 11,000 சாரணர்கள் திரண்டனர். இவ்வளவு விரைவாக வளர்ந்த இயக்கத்துக்கு ஒரு குறை உடன்பிறந்தே இருந்தது. ஊர்தோறும் ஒரு படை. படைதோறும் ஓர் ஆசிரியர். அவர் இருந்தால் படை இருக்கும். அவர் ஊரைவிட்டுப் போனால் படையும் போய்விடும். பெற்றோர் பார்வையாளராகவே இருந்தனர்.

பார்வையாளராக இருந்த பெற்றோர் எத்தகைய நம்பிக்கையை இயக்கத்தின்மேல் வைத்திருந்தனர் என்பதை 1912-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் உலகம் உணர்ந்தது. லண்டன் நகரின் வால்வர்த் என்னும் உழைப்பாளர் பகுதியைச் சேர்ந்த சாரணர் படை ஒன்று பாசறைக்காகப் படகில் புறப்பட்டது. ஷெப்பி தீவின் லேஸ்டவுன் கரைக்கு அருகில் திடீரெனச் சூறைக்காற்று வீசிப் படகு கவிழ்ந்தது. ஒன்பது சிறுவர்கள் மாண்டனர். கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு போர்க்கப்பலை அனுப்பி உடல்களை லண்டனுக்குக் கொண்டுவரச் செய்தார். நகரமே தெருவில் நின்று கண்ணீர் விட்டது. ஒரு பிள்ளையைப் பிறர் கையில் ஒப்படைப்பது எத்துணைப் பெரிய காரியம் என்பதை அந்த ஊர்வலத்தைவிட உருக்கமாக எந்த நூலும் எடுத்துரைக்க முடியாது.

இதற்குப் பின் மூண்ட முதல் உலகப்போர், யாரும் எதிர்பாராத வகையில் வீட்டின் கதவைத் திறந்துவிட்டது. ஆடவர் போர்முனைக்குச் சென்றனர். சாரணராவதற்கு வயது போதாத தம்பிமார் தாங்களும் சேர வேண்டும் என்று நச்சரித்தனர். அவர்களுக்கெனப் பேடன் பவல் 1916-இல் குருளையர் பிரிவைத் தொடங்கினார். கிப்ளிங் எழுதிய ‘காட்டுக் கதைகள்’ நூலை அதற்குப் பின்னணியாக அமைத்துக்கொள்ள அவ்வாசிரியரின் இசைவையும் பெற்றார். ஓநாய்க் கூட்டத்தின் தலைவனான ‘அகேலா’வின் பெயர் குருளையரின் ஆசிரியருக்கு வழங்கலாயிற்று. அந்தப் பெயரைத் தாங்கியவர்களுள் பெண்கள் பலர். வீரா பார்க்லே என்னும் அம்மையார் இப்பிரிவை உருவாக்குவதில் பேடன் பவலுக்குத் துணை நின்றார். ஆடவர் பணி என்று கருதப்பட்ட ஒன்றில் மகளிர் இவ்வாறு கால் பதித்தனர்.

ஆயினும் பெற்றோரை ஓர் ஒழுங்கான அமைப்பாகத் திரட்டும் முறை நன்கு வளர்ந்தது அமெரிக்காவில்தான். அந்நாட்டில் சாரணர் சங்கம் 1910-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது. அங்கு ஒரு படை தானாகத் தோன்றிவிட முடியாது. பள்ளியோ, தேவாலயமோ, ஊர்ச் சங்கமோ பொறுப்பேற்றுத் தலைமைச் சங்கத்திடம் உரிமைப் பத்திரம் பெற வேண்டும். பொறுப்பேற்ற நிறுவனம் குறைந்தது மூவர் அடங்கிய குழுவை நியமிக்க வேண்டும். சாரண ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதும், பணத்தைக் காப்பதும், பாசறைக்கு வழி செய்வதும் அக்குழுவின் பொறுப்பு. ஆசிரியர் விலகினால் வேறொருவரைத் தேடுவதும் அதன் வேலையே. நாளடைவில் இக்குழுக்களில் பெற்றோரே நிறைந்தனர்.

குருளையர் பிரிவை அமெரிக்கச் சங்கம் உடனே ஏற்கவில்லை. சிறு பிள்ளைகள் புகுந்தால் மூத்த சிறுவர்களுக்குச் சலிப்பு ஏற்படும் என்று தலைவர்கள் அஞ்சினர். 1930-இல்தான் அது முறையாகத் தொடங்கியது. காலம் தாழ்ந்து தொடங்கியதால் ஒரு நன்மை விளைந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வளர்க்க இயலாது என்பதைத் திட்டம் வகுத்தோர் தெளிவாக உணர்ந்தனர். ஆகவே வீட்டையும் அண்டை அயலையும் அடிப்படையாகக் கொண்டு அதனை அமைத்தனர்.

அமைப்பு மிக எளியது. ஒரே தெருவில் அல்லது அருகருகே வாழும் ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் ஒரு ‘குகை’யாகச் சேர்வர். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டின் கூடத்திலோ கொல்லைப்புறத்திலோ கூடுவர். மூத்த சாரணன் ஒருவன் அவர்களுக்கு விளையாட்டும் முடிச்சும் கற்றுக்கொடுப்பான். 1930-களில், அந்த வீட்டுத் தாய்க்கே ‘குகைத்தாய்’ என்ற பொருள்படும் பட்டம் கிடைத்தது. இத்தகைய பல குகைகள் மாதம் ஒருமுறை பெருங்கூட்டமாகச் சேரும். அந்தக் கூட்டத்துக்குத் தாய் தந்தையர் அனைவரும் வருவர்.

இம்முறையில் இரண்டு சிறு வழக்கங்கள் என் கருத்தைக் கவர்ந்தன. குருளையன் தன் புத்தகத்தில் உள்ள பயிற்சியை வீட்டில் செய்து முடிப்பான். அதைச் சரிபார்த்துக் கையொப்பமிடுபவர் அவனுடைய தாயோ தந்தையோ. அதாவது, பெற்றோரே இங்கு ‘அகேலா’ ஆகின்றனர். அடுத்து, மாதக் கூட்டத்தில் பிள்ளை பெற்ற பதக்கத்தைத் தலைவர் பெற்றோரிடம் அளிப்பார். பெற்றோர் அதைப் பிள்ளையின் சட்டையில் குத்துவர். ஆசிரியர் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பத்துச் சொற்பொழிவு செய்ய முடியாததை அந்த ஓர் ஊசி செய்துவிடுகிறது. மகன் என்ன கற்றான் என்பது தந்தைக்குத் தெரிகிறது. தந்தை அதை மதிக்கிறார் என்பது மகனுக்குத் தெரிகிறது.

ஆனால் தாய்மார் செய்த பணிக்கும் அவர்களுக்குக் கிடைத்த உரிமைக்கும் நெடுங்காலம் பொருத்தம் இல்லை. குகையை நடத்தலாம், சாரணப் படைக்கு ஆசிரியராகக் கூடாது என்பது விதி. கனெக்டிகட் மாநிலத்தின் மில்ஃபோர்டு ஊரில், 1970-களில், படையை நடத்த ஆடவர் ஒருவரும் முன்வரவில்லை. கேதரின் பொல்லார்டு என்னும் அம்மையார் அப்பணியை ஏற்று நடத்தினார். பணியைச் செய்ய விட்டவர்கள் பதவியைத் தர மறுத்தனர். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1987-இல் அவருக்கு எதிராகவே முடிந்தது. எனினும் மறு ஆண்டே சங்கம் தன் விதியை மாற்றிக்கொண்டது. 1988-இல், தமது 69-ஆம் வயதில், அவர் அமெரிக்காவின் முதற் பெண் சாரண ஆசிரியரானார்.

இனிச் சொல்லப்போவது கசப்பான செய்தி. ஆயினும் வரலாற்றைப் பேசுவோர் அதனை மறைத்தல் தகாது. தனி ஒருவர்மீது முழு நம்பிக்கை வைத்த இடங்களில், அந்த நம்பிக்கையைக் கொன்றவர்களும் இருந்தனர். தலைவர் என்ற பெயரில் வந்த சிலர் பிள்ளைகளிடம் இழிவாக நடந்துகொண்டனர். அத்தகையோரைப் பற்றிய கோப்புகளை அமெரிக்கச் சங்கம் பல பத்தாண்டுகளாகத் தன்னிடமே மறைவாக வைத்திருந்தது. பல நேர்வுகளில் காவல் துறைக்கும் மற்றப் பெற்றோருக்கும் செய்தி எட்டவில்லை. 1965 முதல் 1985 வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் 2012-இல் நீதிமன்ற ஆணையால் வெளிவந்தன. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அச்சங்கம் நொடிப்பு நிலை கோரி நீதிமன்றத்தை அடைந்தது. இழப்பீடு கேட்டு முறையிட்டவர்கள் 82,000-க்கும் மேற்பட்டோர். ஏறத்தாழ 246 கோடி டாலர் ஈட்டுத் தொகைக்கான திட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. பணத்தால் அளக்கக்கூடிய துன்பமா அது? முறையிட்டவருள் பலர் முதுமை எய்தியவர்கள். சிறு வயதில் தாயிடம் சொல்ல முடியாததை வாழ்நாள் முழுதும் சுமந்தவர்கள்.

இந்தத் துன்பத்திலிருந்து பிறந்த விதிகளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அவற்றுட் சில, 1980-களிலிருந்தே அங்கு வகுக்கப்பட்டு வந்தவை. எந்தப் பயணத்திலும் பாசறையிலும் பெரியவர் இருவரேனும் இருத்தல் வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் தனித்திருத்தல் கூடாது. இயக்கத்தின் எந்த நிகழ்ச்சியும் பெற்றோர் வந்து காணத் திறந்திருத்தல் வேண்டும்; மறைவான சடங்கு எதுவும் கூடாது. இவ்விதிகளுக்கு ஆள் எங்கிருந்து வருவர்? பெற்றோர் முன்வந்தாலன்றி இரண்டாம் பெரியவர் கிடைப்பது அரிது. ஆகவே, பெற்றோரைத் திரட்டுவது பாசறைக்குச் சமையலாள் தேடும் வேலை என்று எண்ணிவிடலாகாது. அது பிள்ளைகளுக்கு இடும் வேலி. ஒழுக்கமுள்ள ஆசிரியருக்கும் அதுவே காப்பு. வீண் பழி அவரை அணுகாது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் சாரணர் இயக்கம் 1909-ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கியது. முதலில் அது ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது. இந்தியச் சிறுவர்க்கு இடமில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணையோடு, சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சங்கம் கண்டார். அச்சிறுவர்கள் தலைப்பாகை அணிந்தனர். இந்தியப் பாடல்களைப் பாடினர். வடக்கே மதன் மோகன் மாளவியா, இருதயநாத குன்ஸ்ரு, ஸ்ரீராம் வாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதியின் சார்பில் சாரணப் பணியை வளர்த்தனர். தலைப்பாகையும் தாய்நாட்டுப் பாட்டும் சிறு செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் அந்நியமான ஒன்றுக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்கும் இல்லத்தில், அவை நம்பிக்கையை ஊட்டக்கூடியவை. பல சங்கங்களாகப் பிரிந்து நின்ற இயக்கம், விடுதலைக்குப் பின், 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரணர் சங்கமாக ஒன்றுபட்டது. மறு ஆண்டு சாரணியரும் அதில் இணைந்தனர்.

நம் நாட்டில் படைகள் பெரும்பாலும் பள்ளிகளைச் சார்ந்தே நடைபெறுகின்றன. இதில் ஒரு வசதி உண்டு: இடமும் ஆளும் ஆயத்தமாக உள்ளன. ஒரு குறையும் உண்டு: ‘அது பள்ளிக்கூடத்து வேலை’ என்று பெற்றோர் ஒதுங்கிவிடுகின்றனர். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்த ஒதுக்கத்தை நீக்க முயன்றது. அச்சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே அழைப்பது நம் பொறுப்பு.

அழைக்கும் முறை என்ன? தலைமையாசிரியராக இருந்த காலத்தில் நான் கண்டறிந்த சிலவற்றைக் கூறுகிறேன். ‘பெற்றோர் அனைவரும் ஒத்துழைப்பு நல்க வேண்டும்’ என்று சுற்றறிக்கை விடுத்தால் ஒருவரும் வாரார். ‘ஐயா, நீங்கள் தச்சு வேலை அறிந்தவர், கூடாரத்துக்கு முளைக்குச்சி நாற்பது வேண்டும், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தாருங்கள்’ என்று நேரில் கேட்டால், அவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு வருவார். அமெரிக்கப் படைகளில், அவரவர்க்கு என்ன தெரியும், எப்போது ஓய்வு என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கும் வழக்கம் உண்டு. நம் ஊரில் தாளைவிட நேர்முகப் பேச்சே பயன் தரும். ஆனால் உட்கருத்து ஒன்றே. வேலை சிறிதாக, தெளிவாக, முடியும் நாள் தெரிந்ததாக இருத்தல் வேண்டும்.

அடுத்து, கூட்டம் கூடும் நேரம். கூலி வேலைக்குச் செல்லும் தாயைப் பகல் பதினொரு மணிக்கு அழைத்துவிட்டு, அவர் வரவில்லை என்று குறைகூறுவது முறையன்று. ஒருநாள் கூலியை இழந்து அவர் வர வேண்டுமா? விளக்கு வைத்த பிறகு அரை மணி நேரம் கூடினால் போதும். பணம் தர இயலாதவர் கை உழைப்பைத் தரட்டும். அதற்கும் வழியற்றவர் தம் நல்லெண்ணத்தைத் தரட்டும். முதற் பாசறையில் இருவகைக் கட்டணம் இருந்ததை மறவாதீர்கள். அங்கே மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ் கொடுத்த பிள்ளையும் ஒரு பவுன் கொடுத்த பிள்ளையும் ஒரே அணியில் நின்றனர்.

கணக்கு மூன்றாவது. வரவும் செலவும் ஒரு பெற்றோர் கையில் இருக்கட்டும். அவை மாதந்தோறும் எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்படட்டும். ஐந்து ரூபாய்க்குக் கணக்குக் காட்டும் சங்கத்துக்கு ஐந்நூறு ரூபாய் தர மக்கள் அஞ்சுவதில்லை.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். துணை நிற்பது வேறு. பிள்ளையின் வேலையைத் தாமே செய்துவிடுவது வேறு. மகன் கட்ட வேண்டிய கூடாரத்தைத் தந்தை கட்டிவிட்டால், மகன் பாசறைக்கு வந்த பயன் என்ன? அணித் தலைவன் சோற்றைச் சிறிது தீய்த்துவிட்டால் தீய்க்கட்டும். நாளை அவன் சரியாக வடிப்பான். கண் பிள்ளையின்மேல் இருக்கட்டும். கை சற்றுத் தள்ளியே இருக்கட்டும். தன் பிள்ளைக்குச் செய்வதை அணியின் மற்றப் பிள்ளைக்கும் செய்பவரே நல்ல தொண்டர்.

நேயர்களே, நல்லாசிரியர் ஒருவர் அமைவது ஊரின் பேறு. ஆனால் அவருக்கும் மாற்றல் உண்டு, நோய் உண்டு, ஓய்வு உண்டு. அவர் மூட்டிய பாசறைத் தீ அவரோடு அணைந்துவிடலாகாது. உங்கள் ஊர்ப் பள்ளியில் சாரணர் படையோ குருளையர் கூட்டமோ இருக்குமாயின், இந்த வாரம் ஒருநாள் மாலை அங்குச் செல்லுங்கள். ஆசிரியரைக் கண்டு, ‘நான் என்ன செய்யலாம்?’ என்று கேளுங்கள். உங்களோடு அடுத்த வீட்டுக்காரரையும் அழைத்துச் செல்லுங்கள்.